வித்தியாவின் திறப்பு

திருநெல்வேலி
யாழ்ப்பாணம்
ஓகஸ்ட் 18, திங்கள்

அன்புள்ள வித்தியாவுக்கு,

நான் நலம். நீரும் கேதீஸ்வரனும் மகளும் நலமாக இருக்க மருதனார்மடத்து ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். முறைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி என்னுடைய வாய்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, மின்னஞ்சலிலும் வரவில்லை. போன வருடம் அனுப்பிய மூன்று மின்னஞ்சலுக்கும் நீர் பதில் போடவில்லை. நாலாவதை அனுப்ப என் ரோசம் விடவில்லை. அதனால் இதை எங்களுடைய சேர்வருக்குள், இன்னும் உம்முடைய பெயரில் இருக்கிற கோப்புறையில் வைத்துவிட்டுப் போகிறேன். நீர் இங்கே வந்து போவது எனக்குத் தெரியும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சேர்வர் எழுதி வைக்கும் என்பதை மறந்துவிட்டீரா? மாசியில் ஒருமுறை, வைகாசியில் இரண்டு முறை, போன கிழமை ஒருமுறை. எல்லாம் நோர்வேயில் பேர்கன் நகரத்து முகவரியிலிருந்து. உம்முடைய திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்து வருகிறீர், பத்து நிமிடம் நிற்கிறீர், ஒன்றையும் தொடாமல் போகிறீர். மதிலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற அயல்வீட்டுக்காரி மாதிரி.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், பல்கலைக்கழகத்தில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். கூட்டக் குறிப்பில் 'தரவு அஞ்சல் சேவையகத்துக்கான பணிசெயல் முறைமையைத் தெரிவு செய்தல்' என்று இருக்கிறது. வாசித்து முடிக்கவே ஒரு தேத்தண்ணி வேண்டும். எங்களுடைய பாஷையில் சொன்னால், எங்களுடைய சேர்வர் உதுவுக்கு எந்த ஓஎஸ் போடுவது? தலைவர் கலாநிதி கோபிசங்கர். பரிந்துரையை எழுத வேண்டியவள் நான். இருபத்துநாலாம் திகதி, அதாவது வருகிற மாதம், முடிவு.

குழுவில் பாதிப் பேருக்கு உது என்ன செய்கிறது என்றே தெரியாது. நாற்பத்தொரு கிணற்றில் கருவி இறக்கியிருக்கிறோம், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவை கால்மணிக்கு ஒருதரம் சொல்லும், உது அதை வாங்கி வைத்திருந்து கொழும்புக்கும் விவசாயிகளுக்கான கமநல நிலையங்களுக்கும் அனுப்பும், கரண்ட் போனாலும் ஒரு கணக்கும் தவறவிடாது என்று விளக்கினேன். அதென்ன பெயர் என்று ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மேசையில் இருந்த கணினி இது, கொழும்பில் இருப்பது அது, வித்தியாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது உது. உது என்ன சொல்லுது, உதை ஒருக்காப் பாரும் என்று நான் நாள் முழுக்கக் கத்தி, கடைசியில் அதுவே பெயராக ஒட்டிவிட்டது என்று சொன்னேன். இப்போது அது எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முறைப்படி இது என்று கூப்பிட வேண்டும். அப்படி வாய் வருகுதில்லை.

வழி மூன்று இருக்கிறது. ஒன்று, நீர் போட்ட பிரீபிஎஸ்டியையே புதுப் பதிப்புக்கு ஏற்றி வைத்திருப்பது. இப்போது இருக்கிற பதிப்புக்குச் சித்திரையோடு திருத்தங்கள் வருவது நின்றுவிடும், ஆகவே எதையாவது செய்யத்தான் வேண்டும். இரண்டு, டெபியன் லினக்ஸ். இங்கே படிப்பிப்பது லினக்ஸ்தான், பக்கத்து அறையில் வலையமைப்புப் பிரிவு நளீரும் அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று, கொழும்புக் கொம்பனி ஒன்று பராமரிப்போடு சேர்த்துத் தருகிற பொதி. அது எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனாலும் வந்து காட்டட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

எனக்கு எதில் மனம் என்று உமக்குத் தெரியும். உது அறுநூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒருதரமும் விழாமல் ஓடுகிறது. ஆனால் இந்த வளாகத்தில் பிரீபிஎஸ்டி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவர் நீர், பேர்கன் மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு திரிகிறீர்.

உம்முடைய சம்பளமில்லா லீவு செப்ரெம்பர் முப்பதோடு முடிகிறது. நீர் வருவதென்றால் பிரீபிஎஸ்டி இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுப்பேன், இரண்டு பேர் அதற்குக் காணும். வருவதில்லை என்றால் அதை வைத்திருக்க என்னிடம் நியாயம் இல்லை. உம்முடைய கை பட்ட எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஆக, எந்த ஓஎஸ் என்று அவர்கள் என்னைக் கேட்கிறார்கள், வாறீரா இல்லையா என்று நான் உம்மைக் கேட்கிறேன். கேள்வி ஒன்றுதான். ஒரு சொல் எழுதிவிட்டுப் போம், போதும்.

இங்கே வேறு புதினம் இல்லை. கன்ரீனில் வடை சிறுத்துவிட்டது. உம்முடைய கதிரையில் பற்றறிப் பெட்டியைத் தூக்கி வைத்திருக்கிறேன். வெறுமையாக விட்டால் வருகிறவர்கள் எல்லாரும் இருந்து பார்க்கிறார்கள். காலையில் காவலாளியோடு ஒரு கதை, மத்தியானம் கன்ரீனில் ஒரு கதை, அவ்வளவுதான் என் வாய்க்கு வேலை. பின்னேரம் நான் வெளியேறும்போது நீர் எழுதி வைத்த சொல்லை உது திரையில் காட்டும்: போட்டு வாறன். போய்விட்டு வருகிறேன் என்று ஒரு நாளில் என்னோடு கடைசியாகக் கதைப்பது அதுதான்.

பிள்ளைக்கு முத்தங்கள்.

அன்புடன்,
உதயகலா


திருநெல்வேலி
செப்ரெம்பர் 9, செவ்வாய்

வித்தியாவுக்கு,

இந்தமுறை நலம் விசாரிக்கப் போவதில்லை. நீர் நலமாகத்தான் இருக்கிறீர். வெள்ளிக்கிழமை இருபத்துமூன்று நிமிடம் எங்களுடைய சேர்வரைத் திருத்துகிற அளவுக்கு நலமாக இருக்கிறீர்.

நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். நீர் பார்த்தது பாதிதான். வியாழன் பின்னேரம் அந்தக் கொழும்புக் கொம்பனி ஆள் வந்தார். நல்ல மனிசன், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தங்களுடைய பொதியை இணைத்துக் காட்ட உதுவின் அமைப்புக் கோப்பைத் திறந்தவர், ஆங்கில எழுத்தில் uthu என்று இருந்ததைப் பார்த்து, ஐயோ எழுத்துப்பிழை என்று நினைத்து, எல்லா இடத்திலும் athu என்று திருத்திவிட்டார். எனக்கு உதவி செய்ததாக நினைப்பு. வீட்டில் அவர்கள் இது, அது என்ற இரண்டோடு சீவிக்கிறவர்கள். நடுவில் ஒன்று இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது கோபிசங்கருடைய அறையில் நின்றேன். வந்து பார்க்காமல் விட்டது என் பிழை.

பிறகு என்ன, உதுவுக்குத் தான்தான் கொழும்பில் இருக்கிற அது என்று எண்ணம் வந்துவிட்டது. கிணறுகள் சொன்னதை எல்லாம் தனக்குத் தானே அனுப்பி, கிடைத்தது என்று தானே கையெழுத்தும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. திரையில் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் பச்சை. கொழும்புக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

அடுத்த நாள் லீவு. நான் வல்வெட்டித்துறையில் ஒரு வீட்டுக் கிணற்றில் பழுதான கருவியை மாற்றப் போயிருந்தேன். அங்கே நிற்கும்போது கொழும்பிலிருந்து ஃபோன்: நேற்றுப் பின்னேரம் தொட்டு உங்களிடமிருந்து ஒன்றும் இல்லையே, யாழ்ப்பாணத்தில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பகிடி. எனக்குப் பகிடி வரவில்லை. கருவியை அந்த வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் ஸ்கூட்டியை விரட்டினேன். அந்த வெயிலுக்குள் வந்து கதவைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. கோப்பில் எல்லா இடத்திலும் திரும்ப உது. உள்ளே வந்தவர் நீர், பதினொன்று இருபதுக்கு. போனது பதினொன்று நாற்பத்துமூன்றுக்கு.

அந்த அறையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அங்கே உமக்கு அப்போது காலமை எட்டு மணியும் ஆகியிருக்காது. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துகிற நேரத்தில் எங்களுடைய கிணறுகளைப் பார்த்திருக்கிறீர். அப்படியென்றால் அடிக்கடி பார்க்கிறீர். அப்படியென்றால் மனம் இங்கேதான் நிற்கிறது என்று ஒரு நிமிடம் துள்ளிவிட்டேன்.

பிறகு உம்முடைய கோப்புறையைப் பார்த்தேன். என் கடிதம் கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் பதினொன்று முப்பத்தொன்று. வாசித்திருக்கிறீர். பன்னிரண்டு நிமிடம் வைத்திருந்திருக்கிறீர். பதில் இல்லை. எந்தத் திருத்தம் செய்தாலும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதாமல் போகமாட்டீரே, அதுவும் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. உமக்கு வேலை செய்ய முடிகிறது, கதைக்க முடியவில்லை. உப்புத் தண்ணீருக்காக ஓடி வருகிறீர், எனக்காக ஒரு வரி இல்லை. எனக்குச் சரியான கோபம் வித்தியா. கோபம் என்று எழுதினால் பாதி பொய். அழுதேன்.

சரி, என் பக்கத்துப் பிழையையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தக் கோபத்துக்கு மதிப்பில்லை. இரண்டு வருடத்துக்கு முதல் நீர் வெளிக்கிட்ட அன்று இந்த அறை வாசலில் நின்று, கலா, போட்டு வாறன் என்றீர். நான் திரும்பவில்லை. முக்கியமான வேலை போல திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றும் இல்லை. போகிறவர் அப்படிச் சொன்னால் இருக்கிறவர் திருப்பிச் சொல்ல வேண்டிய இரண்டு சொல் இருக்கிறது, பகையாளிக்கும் சொல்லுவோம். அதை நான் உமக்குச் சொல்லவில்லை. பதினொரு வருடம் ஒரே அறையில் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவள், விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்கு எரிச்சல். நீர் திரும்பி நடந்தீர். செருப்புச் சத்தம் படியால் இறங்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீர் பதில் போடாமல் இருப்பது அதற்காகவா? அப்படியென்றால் நியாயம்தான். ஆனால் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதையும். எனக்கு இருபத்துநாலாம் திகதிக்கு முதல் தெரிய வேண்டும்.

கொம்பனி ஆளைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த நாளே ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டார், உது என்றால் என்ன என்று விளக்கமும் கேட்டார். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது என்றேன். பாவம், தன்னுடைய மேசையைச் சுற்றிப் பார்த்திருப்பார்.

இப்படிக்கு,
உதயகலா


திருநெல்வேலி
செப்ரெம்பர் 26, வெள்ளி

என் அன்பு வித்தியாவுக்கு,

இந்தக் கடிதம் இருக்கிற இடம் புதிது. நீர் வழக்கமான முகவரியால் வந்திருப்பீர், உம்முடைய திறப்பும் கதவைத் திறந்திருக்கும். உள்ளே தளபாடம் எல்லாம் மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது டெபியன். எப்படி இங்கே வந்தோம் என்று சொல்கிறேன்.

பதினோராம் திகதி எனக்குக் காய்ச்சல் பிடித்தது. டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூன்றாம் நாள் உதுவின் வன்தட்டு நிரம்பி அனுப்புவது நின்றுவிட்டது. ஒருவருக்கும் அதைத் திறந்து பார்க்கத் துணிவில்லை. நளீர் பார்வையாளர் நேரத்தில் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். கையில் சேலைன் ஏறுகிறது, நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், அவர் தட்டுகிறார். லினக்ஸில் இதற்கு வேறு பெயரெல்லோ அக்கா என்று இடைக்கிடை முனகுகிறார். பக்கத்துக் கட்டில் மனிசி எனக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று நேர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

முடிந்து போகும்போது நளீர் சொன்னார், குறை நினையாதேங்கோ அக்கா, உங்களுக்கு ஒண்டு நடந்தால் உந்த நாப்பத்தொரு கிணறும் எங்களுக்குத் தெரியாமல் போயிடும் என்று. குறை நினைத்தேன். அன்று முழுக்க நினைத்தேன். அவர் சொன்னது கிணறுகளைப் பற்றி மட்டும்தான். எனக்குக் கேட்டது வேறு. நான் அந்த இயந்திரத்தை உமக்காகப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். வேறு ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்காமல், நீர் வரும் வரைக்கும் அது எங்கள் இரண்டு பேருடையதாகவே இருக்கட்டும் என்று. இரண்டு வருடமாக நளீர் பக்கத்து அறையில் இருந்தார், நான் ஒருநாளும் கூப்பிடவில்லை.

பத்தொன்பதாம் திகதி வேலைக்குத் திரும்பினேன். உடம்பு இன்னும் சரியில்லை. பின்னேரம் வரைக்கும் இருந்துவிட்டு வெளியேறினேன். திரையில் வழக்கமாக வருகிற சொல் வரவில்லை. வேறொன்று இருந்தது.

போறன்.

முதலில் நளீர்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தட்டும்போது எதையோ குழப்பிவிட்டார் என்று நினைத்து அவரிலே பாய்ந்தேன். அவர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். அல்லாவே, ஆரக்கா உப்பிடி எழுதுறது, வாயாலை கூடச் சொல்லமாட்டமே என்றார். உண்மைதான். கடைக்குப் போனாலும் போட்டு வாறன் என்றுதான் சொல்லுவோம். பிரேதத்தைத் தவிர எங்கடை ஊரில் ஒருவரும் போறன் என்று போவதில்லை. அப்போதுதான் பதிவைப் பார்த்தேன். பதினாறாம் திகதி, பேர்கன். என்னுடைய இரண்டாவது கடிதம் திறக்கப்பட்டிருக்கிறது. பிறகு திரையில் வருகிற அந்தச் சொல் இருக்கிற கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது. மூன்று எழுத்துக்கு நாலு நிமிடம் எடுத்திருக்கிறீர்.

ஒரு சொல் போதும் என்று நான்தான் கேட்டேன். தந்துவிட்டீர். பதிவாளர் கந்தோருக்கு உம்முடைய இராஜினாமா இன்னும் வரவில்லையாம். எனக்கு வந்துவிட்டது.

கோபம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் ஆஞ்சநேயர் கோவிலடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கனநேரம் இருந்தேன். உமக்கு இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். மின்னஞ்சலில் எழுதியிருந்தால் காரணம் எழுத வேண்டும், மகளின் படிப்பு, கேதீஸ்வரனின் வேலை, நான் அதற்கெல்லாம் மறுமொழி வைத்திருப்பேன். இதற்கு என்ன மறுமொழி சொல்வது? பொய் சொல்லாமல் போகிறீர். வாறன் வாறன் என்று ஒவ்வொரு பின்னேரமும் என் திரையில் ஒரு பொய் வந்துகொண்டிருக்கிறது என்று உமக்குக் குத்தியிருக்கும்.

இருபத்துநாலாம் திகதி பரிந்துரையைக் கொடுத்தேன். பிரீபிஎஸ்டியில் ஒரு குறையும் இல்லை, குறை அதைப் பார்க்கிற ஆட்களின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது, ஒரு பணிசெயல் முறைமையைத் தெரிவு செய்யும்போது நாளைக்கு யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், ஆகவே டெபியன் என்று எழுதினேன். கோபிசங்கர் வாசித்துவிட்டு நன்றாக எழுதியிருக்கிறீங்கள் என்றார். அந்த வரியை எழுத எனக்கு எத்தனை நாள் எடுத்தது என்று அவருக்குத் தெரியாது.

நேற்றும் இன்றும் நானும் நளீரும் இருந்து மாற்றினோம். பற்றறிப் பெட்டியை நிலத்தில் இறக்கிவிட்டேன். நளீர் உம்முடைய கதிரையில் இருக்கிறார். புது இயந்திரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, உது என்றேன். உம்முடைய பழைய வன்தட்டை அழிக்கவில்லை. கழற்றித் துணியில் சுற்றி என் அலுமாரியில் வைத்திருக்கிறேன். அது என்னுடைய பைத்தியம், அதைக் குழுவுக்குச் சொல்லவில்லை.

இனி ஒரு கசப்பான விஷயம். விலகியவர்களின் திறப்பு சேர்வரில் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியது நாங்கள் இரண்டு பேரும்தான். முப்பதாம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு உம்முடைய திறப்பை நான் என் கையால் எடுத்துவிட வேண்டும். வேறு ஒருவரும் அதைச் செய்ய நான் விடமாட்டேன். அதற்குப் பிறகு நீர் வந்து தட்டினால் உது உம்மைத் தெரியாது என்று சொல்லும். மனம் நோக வேண்டாம், அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே அதற்கு முதல் ஒருக்கா வாரும். கிணறுகள் எல்லாம் சுகமாக இருக்கின்றனவா என்று பாரும். மருதனார்மடத்துக் கிணற்றில் உப்புக் குறைந்திருக்கிறது, அதையும் பாரும். பதில் எழுத வேண்டாம், குறிப்பும் வேண்டாம். வந்து, பார்த்து, வெளியேறும். நானும் நளீரும் வெளியேறினால் உது பழையபடி போட்டு வாறன் என்றுதான் சொல்லும், அதைத் திரும்ப எழுதிவிட்டேன். உமக்கு மட்டும் வேறொன்று வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முதல் அந்த வாசலில் நீர் நின்றபோது என் வாயில் இருந்த இரண்டு சொல்தான். திரையில் பார்ப்பதற்கு முதல் என் கையாலும் ஒருக்கா எழுதிவிடுகிறேன்.

போட்டு வாரும், வித்தியா.

உம்முடைய
கலா